குஸ்கோ சிட்டி டூர், பள்ளத்தாக்கு டூர்: வயதான பெற்றோரோடு குழு பேருந்தில் போகலாமா?

வெளியூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் பெரு போகிறோம். நான், மனைவி, ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு எங்களோடு இருக்க வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு எழுபது ஆகப்போகிறது, பிபி மாத்திரை உண்டு, ஆனால் தினமும் நடப்பவர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். மச்சு பிச்சுவுக்கு நுழைவுச் சீட்டும் ரயிலும் எடுத்தாகிவிட்டது, அதில் குழப்பம் இல்லை. குஸ்கோ நகரத்துக்கும் அதைச் சுற்றிய மலைப் பள்ளத்தாக்குக்கும்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கே தேடினாலும் இரண்டே டூர்தான் வருகின்றன. மதியம் கிளம்பி இருட்டும்போது கொண்டுவந்து விடுகிற சிட்டி டூர் ஒன்று. காலை ஏழு மணிக்குக் கிளம்பி பிசாக், சின்சேரோ, மோராய், மராஸ் உப்பளம், ஒயான்தாய்தம்போ எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவோம் என்கிற பள்ளத்தாக்கு டூர் இன்னொன்று. விலை ரொம்பக் குறைவு, அதுதான் பயமாக இருக்கிறது. விமானம் இறங்கிய அன்றைக்கே மதியம் சிட்டி டூர், மறுநாள் பள்ளத்தாக்கு, அன்று மாலையே ஒயான்தாய்தம்போவில் ரயில் ஏறலாம் என்று ஓர் ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது சரிப்படுமா? குழு பேருந்தா, தனி காரா? வழிகாட்டி அவசியமா, இல்லை பலகையைப் படித்தே பார்த்துக்கொள்ளலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைமுகடு எழுதியது:

முதல் நாள் மதிய சிட்டி டூரை முதலில் திட்டத்திலிருந்தே அடித்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். பெருவின் தலைநகர் லிமா கடற்கரை நகரம், குஸ்கோ கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஒன்றரை மணி நேர விமானம், அவ்வளவுதான், உடம்புக்குப் பழக நேரமே கிடையாது. அந்த சிட்டி டூர் ஊருக்குள்ளேயே நின்றாலும் பரவாயில்லை, கோரிகாஞ்சாவில் தொடங்கி மலைமேல் சாக்சாய்வாமான், கெங்கோ, புகா புகாரா, தம்போமச்சாய் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசி இடம் குஸ்கோவைவிட இன்னும் உயரம், அங்கே போய்ச் சேரும்போது வெயில் இறங்கிக் குளிர் பிடித்துவிடும். தலைவலியோடும் வயிற்றுப் புரட்டலோடும் அந்தத் தண்ணீர்க் கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்புகிறவர்களைத்தான் அங்கே நிறையப் பார்த்தேன். எழுபது வயதில், பிபி மாத்திரையோடு, இது வேண்டாம்.

நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று: பள்ளத்தாக்கு குஸ்கோவைவிடத் தாழ்வு. உருபம்பா, ஒயான்தாய்தம்போ எல்லாம் 2,800 மீட்டரை ஒட்டி, மச்சு பிச்சு இன்னும் கீழே, ஏறக்குறைய 2,430. அதனால் விமானம் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேராகக் கார் பிடித்து ஒயான்தாய்தம்போ போய்விடுங்கள், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கேயே சில இரவுகள், பள்ளத்தாக்கு, பிறகு மச்சு பிச்சு, கடைசியாகக் குஸ்கோ. ஏஜென்ட் கொடுத்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட்டால் போதும். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது, ரயிலும் அங்கிருந்துதானே கிளம்புகிறது.

அந்த ஒரு நாள் பள்ளத்தாக்கு டூரில் ஒளிந்திருக்கிற இன்னொரு சங்கதியையும் சொல்கிறேன். ஐந்து இடம் போடுகிற பேருந்துகள் பெரும்பாலும் சின்சேரோ, மோராய், மராஸ், உருபம்பாவில் சாப்பாடு, ஒயான்தாய்தம்போ, கடைசியாகப் பிசாக் என்ற வரிசையில் ஓடுகின்றன. ரயில் ஏறுகிறவர்கள் ஒயான்தாய்தம்போவிலேயே இறங்கிவிடுவார்கள். பிசாக்குக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்பார்கள், ஆனால் பார்க்க மாட்டார்கள். பழைய வரிசையில் ஓடுகிற பேருந்து என்றால் பிசாக் முதலில் வரும், சின்சேரோ கைவிட்டுப் போகும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று காலி. ஏஜென்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று எனக்கும் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயம்: அசெட்டசோலமைடு என்று உயரத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். அப்பா ஏற்கெனவே பிபிக்குச் சாப்பிடுவதால், சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் சேர்த்து, மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம். கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் வரவேற்பிலேயே வைத்திருப்பார்கள், குடிக்கலாம், இதமாக இருக்கும், ஆனால் அதுவே மருந்து என்று நம்பி ஏறாதீர்கள்.


பருப்புசாதம் எழுதியது:

மலைமுகடு சொன்ன வரிசை சரி, ஆனால் குழு பேருந்தை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற ஆட்கள், பேருந்தில்தான் போனோம், வருத்தமில்லை. மோராயும் மராஸும் மட்டும் காட்டுகிற அரைநாள் டூர் ஒன்று இருக்கிறது, அது நல்ல பேரம். அந்த இரண்டும் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன, பொது வண்டியை நம்பிப் போய்ச் சேருவது கஷ்டம். மோராயில் வட்ட வட்டமாக இறங்குகிற படிநிலங்களை மேல் விளிம்பில் நின்றே முழுதாகப் பார்க்கலாம், அம்மா இறங்கவே வேண்டாம். மராஸில் மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான உப்புப் பாத்திகள். மலைக்குள்ளிருந்து வருகிற உப்பு நீரூற்று ஒன்று, கையகலக் கால்வாயில் ஓடி அத்தனை பாத்தியையும் நிரப்புகிறது. பாத்திகளெல்லாம் அந்த ஊர்க் குடும்பங்களுடையவை. முன்பு வரப்பில் நடக்க விட்டார்கள், இப்போது மேலிருந்து பார்ப்பதோடு சரி. அதுவும் அம்மாவுக்கு நல்லதுதான்.

பேருந்தில் எரிச்சலான இடம் எங்கே என்றால் கடைகள். சின்சேரோவில் இடிபாடு, தேவாலயம் பார்க்கக் கொடுத்த நேரத்தைவிட நெசவுக் கூடத்தில் உட்கார வைத்த நேரம் அதிகம். ஆனாலும் அந்த நெசவுக் காட்சியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே நெசவு காட்டிய பெண் கள்ளிச் செடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், கை முழுக்க ரத்தச் சிவப்பு. அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் அது ஆரஞ்சாக மாறியது. ஏதோ ஒரு கிழங்கைத் துருவித் தண்ணீரில் போட்டு நுரை வரவழைத்து அழுக்குக் கம்பளியை வெளுத்துக் காட்டினார். அதெல்லாம் பத்து நிமிடம். பிறகு அரைமணி நேரம் விற்பனை. 'பேபி அல்பாக்கா' (மிக மென்மையான அல்பாக்கா கம்பளி) என்று சொல்வதையெல்லாம் நம்பிவிடாதீர்கள், அந்த விலைக்கு அது வராது.

இன்னொன்று, குழு வழிகாட்டிகள் ஸ்பானிஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்வார்கள். ஸ்பானிஷ் பத்து நிமிடம், ஆங்கிலம் மூன்று நிமிடம். நடுவில் வந்த சிரிப்பு என்னவென்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சாப்பாடு. உருபம்பாவில் பேருந்துகளை நிறுத்துகிற பஃபே கூடங்களில் அம்மாவுக்குப் பட்டினி இருக்காது: சோறு, உருளைக்கிழங்கு பல விதம், சோளம், காய், பழம் எல்லாம் கிடைக்கும். மாட்டிக்கொள்கிற இடம் சூப். கீன்வா என்கிற தானியத்தில் செய்த சூப் என்று கொண்டுவருவார்கள், காய்தான் மிதக்கும், ஆனால் கொதிக்க வைத்தது கோழித் தண்ணீராக இருக்கலாம். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் போட்டுவிடுவார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ' (இறைச்சி, கோழி, மீன், முட்டை இல்லாமல்) என்று நான்கையும் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். தெருவில் வேகவைத்த பெரிய வெள்ளைச் சோளம், பக்கத்தில் ஒரு துண்டு சீஸோடு விற்பார்கள், ஒவ்வொரு முத்தும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். எங்கள் வீட்டில் பாதி நாள் மதியச் சாப்பாடு அதுதான். குஸ்கோ ஊருக்குள் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. கினிப் பன்றியை (பன்றி இல்லை, எலி இனத்துச் சின்ன விலங்கு) முழுசாகச் சுட்டுக் குச்சியில் செருகி வைத்திருப்பதைப் பார்க்க நேரிடும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.


கல்வெட்டுக்காரன் எழுதியது:

வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டீர்கள். எல்லா இடத்துக்கும் ஒரே வழிகாட்டி வேண்டாம், சில இடங்களுக்குக் கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால் கோரிகாஞ்சாவும் ஒயான்தாய்தம்போவும்.

கோரிகாஞ்சா வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஸ்பானிஷ் மடம். ஸ்பானியர் வருமுன் இங்கே ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயில் அது, சுவர்களில் பொன் தகடு வேய்ந்திருந்தது, ஸ்பானியரிடம் பிடிபட்ட இன்கா மன்னன் அதாவல்பாவின் விடுதலைக்காகத் தங்கம் திரட்டியபோது அந்தத் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அதன் மேலேயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி இடிந்தது, உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் அசையாமல் நின்றன. இன்று நாம் அவற்றை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பதற்கு அந்த நிலநடுக்கம் ஒரு காரணம். சுவர் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருப்பதையும், வாசலும் மாடங்களும் கீழே அகலமாக, மேலே குறுகலாக இருப்பதையும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் உறைக்கும். வரிசையாக நிற்கிற மாடங்களுக்கு நேராக நின்று பார்க்கச் சொன்னார் எங்கள் வழிகாட்டி. ஒன்றுக்குள் ஒன்றாக அத்தனையும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பலகையில் இதைப் போடவில்லை.

ஒயான்தாய்தம்போவில் மேலே ஆறு ராட்சதக் கற்கள் நிற்கின்றன, இளஞ்சிவப்பு நிறம். அவற்றை வெட்டியெடுத்த கல்குவாரி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில், சில கிலோமீட்டர் தள்ளி. மலையிலிருந்து இறக்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். வழியில் பாதியிலேயே விட்டுப்போன கற்கள் இன்றும் கிடக்கின்றன, 'களைத்துப்போன கற்கள்' என்று அங்கே பெயர். 1530களில் இன்கா மன்னன் மான்கோ இன்கா ஸ்பானியரைத் துரத்தியடித்த இடமும் இதுதான், சமவெளியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குதிரைகளைச் சேற்றில் சிக்க வைத்தார்கள் என்பார்கள். மேலே ஏற இருநூறு படி போல இருக்கும். அம்மா ஏறவேண்டியதில்லை, கீழேயே நீரூற்றுகள், செதுக்கிய குளியலிடம் எல்லாம் உண்டு. ஊர்த் தெருவே பார்க்க வேண்டியதுதான், இன்கா காலத்து அதே சந்துகள், ஓரத்தில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது, வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

வழிகாட்டிகளில் இரண்டு வகை. அடையாள அட்டையோடு நுழைவாயிலில் நிற்கிறவர்கள் முறையாகப் படித்தவர்கள், பேரம் பேசி ஒன்றரை மணி நேரத்துக்கு அமர்த்தலாம், நான்கு பேருக்குப் பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது. இன்னொரு வகை, பன்னிரண்டு கோணக் கல் இருக்கிற ஆத்துன் ருமியோக் தெருவில் நம்மையே தொடர்ந்து வந்து, பக்கத்துச் சந்தில் கற்களுக்குள் பூமா உருவம் தெரிகிறது பாருங்கள் என்று விரலால் கோடிட்டுக் காட்டுவார்கள். காட்டியதும் தெரியும், காசும் கேட்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டுக்குட்டியையோ லாமாக் குட்டியையோ தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்களும் அப்படித்தான், படம் எடுத்தால் சில்லறை தரவேண்டும்.

வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று ஆரம்பிக்கிற வழிகாட்டி கிடைத்தால் அவரிடம் சாக்சாய்வாமான் கற்களில் கணிசமானவற்றை ஸ்பானியர்கள் பெயர்த்துக் குஸ்கோவில் வீடும் தேவாலயமும் கட்டிய கதையைக் கேளுங்கள், சட்டென்று தரைக்கு வந்துவிடுவார். மிகப் பெரிய கற்களை மட்டும் அவர்களால் அசைக்க முடியவில்லை, அதனால்தான் அடிவரிசை நமக்கு மிச்சம்.


வெளியூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். ஏஜென்டிடம் பிசாக் கேள்வியைக் கேட்டேன், "பிசாக் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றார்! அடுத்த தடவையாம். சரி, விட்டுவிட்டேன், வேறு ஆள் பார்க்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். 'போலேத்தோ துரிஸ்தீகோ' என்கிற கூட்டுச் சீட்டு வாங்குவதா, பகுதிச் சீட்டா? பிசாக்குக்கு எப்படிப் போவது? மனைவிக்கு வானவில் மலை பார்க்க ஆசை, ஒரே நாளில் போய் வரலாம் என்கிறார்கள், சரியா?


மலைமுகடு எழுதியது:

"அடுத்த தடவை" என்றாரா! பதில் பிரமாதம்.

சீட்டு: நான் பார்த்தபோது முழுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெரு நாணயம்), பத்து நாள் செல்லும், பதினாறு இடம். பகுதிச் சீட்டு ஒவ்வொன்றும் 70. சாக்சாய்வாமான் பக்கம் ஒன்று, பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று இரண்டு பகுதி வாங்கினாலே 140 ஆகிவிடுகிறது, அதுவும் ஒன்று ஒரே நாள், இன்னொன்று இரண்டு நாள்தான் செல்லும். மெதுவாகப் பார்க்கப் போகிற உங்களுக்கு முழுச் சீட்டுதான். இன்றைய விலையைப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள், சோலில் ரொக்கம் வைத்திருங்கள். கோரிகாஞ்சா, குஸ்கோ பேராலயம், மராஸ் உப்பளம் இந்தச் சீட்டில் வராது, வாசலில் தனியாகக் கட்டவேண்டும். டூர் விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணமும் இதுதான், சீட்டு எதையும் அதில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா வரைந்த, இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், மேஜை நடுவில் தட்டில் மல்லாந்து கிடப்பது கினிப் பன்றி. அம்மாவுக்கு அங்கேயும் தப்பிக்க முடியாது.

பிசாக்குக்குக் குஸ்கோவின் புபூத்தி தெருவிலிருந்து வேன்கள் நிரம்ப நிரம்பக் கிளம்பும், ஒயான்தாய்தம்போ பக்கம் என்றால் பாவித்தோஸ் தெரு. சில சோல்தான். ஆனால் நான்கு பேர், அதில் இருவர் வயதானவர்கள், நீங்கள் பள்ளத்தாக்கிலேயே வேறு தங்குகிறீர்கள், அதனால் அரைநாளுக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். பிசாக் இடிபாடு ஊருக்கு மேலே மலையில் இருக்கிறது. மேல் வாசல் வரை கார் போகும், அங்கேயே காத்திருக்கச் சொல்லுங்கள். மேலிருந்து ஊர்வரை நடந்து இறங்குகிற பாதை அழகு, ஆனால் செங்குத்துப் படிகள், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது மோசம். மேல் வாசலில் கொஞ்ச தூரம் நடந்தாலே எதிர் மலை முகத்தில் பொந்து பொந்தாகத் தெரியும், அவை கல்லறைகள், கொள்ளையர்கள் எப்போதோ குடைந்து காலி செய்துவிட்டார்கள்.

வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போவார்கள். மனைவியும் நீங்களும் பயணத்தின் கடைசியில், உடம்பு பழகிய பிறகு, போகலாம். அப்பாவைக் கூட்டிப்போகாதீர்கள், குதிரை கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும் சரி. குதிரை காலைத்தான் காப்பாற்றும், மூச்சை அல்ல.


பருப்புசாதம் எழுதியது:

நீங்கள் மலை ஏறுகிற அன்று அப்பா அம்மாவை என்ன செய்வது என்றால், தெற்குப் பள்ளத்தாக்குக்கு ஒரு கார் பேசி அனுப்பிவிடுங்கள். யாரும் போகாத பக்கம், எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம். தீபோன், பிக்கியாக்தா இரண்டும் அதே முழுச் சீட்டில் வருகின்றன, வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம். தீபோனில் படிநிலம் படிநிலமாகத் தண்ணீர் இன்றும் இன்காக்கள் வெட்டிய கல்வாய்க்கால்களில் விழுந்து ஓடுகிறது. விவசாயக் குடும்பத்து ஆட்கள் என்றால் அப்பா அங்கிருந்து நகரமாட்டார். பிக்கியாக்தா இன்காக்களுக்கு முந்தைய வாரி மக்களின் ஊர், நேர்கோட்டுத் தெருக்கள், வெயில் அதிகம், தொப்பி வேண்டும். அந்தாவைலியாஸ் தேவாலயத்துக்குச் சீட்டு தனி, வெளியே மண் சுவர், உள்ளே கூரை முழுக்க ஓவியம். வழியில் ஒரோப்பேசாவில் தட்டு அளவு வட்ட ரொட்டி சுடச்சுட விற்பார்கள், கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அமெரிக்க விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் பெருவுக்குத் தனி விசா கேட்பதில்லை. விமான கவுன்டரில் கேட்பார்கள், கையில் எடுத்து வைத்திருங்கள், அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கு அந்த விசா பல முறை நுழைவா என்பதையும் பார்த்துவிடுங்கள். திரும்பும்போது கோகா தேநீர்ப் பைகளை ஆசையாக வாங்கிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், அங்கே கடைக்குக் கடை கிடைக்கும், அமெரிக்காவுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. அம்மாவிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் கைப்பையிலிருந்து எடுக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.


கல்வெட்டுக்காரன் எழுதியது:

செப்டம்பர் கடைசி நல்ல நேரம், மழை இன்னும் பிடித்திருக்காது. வெயில் சுடும், நிழலில் நின்றால் குளிரும், ராத்திரி நன்றாகவே குளிரும், அதனால் அடுக்கடுக்காக உடுத்துங்கள். ரயிலில் பெரிய பெட்டி ஏற்ற விடமாட்டார்கள், ஒயான்தாய்தம்போ விடுதியிலேயே வைத்துவிட்டு ஒரு சின்னப் பையோடு மச்சு பிச்சு போய்வாருங்கள். விடுதி எடுக்கும்போது மாடி அறை வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள், அங்கே லிஃப்ட் எதிர்பார்க்க முடியாது.